ஐந்திலிருந்து ஏழு வரை

ஐந்தரைக்கு எழுந்திருப்பேன். பல் துலக்குவேன். ஒரு டம்ளர் தண்ணீரை அடுப்பில் வைத்து டீத்தூள் போடுவேன். பால் வாங்குவதில்லை. குளித்துச் சட்டை மாட்டிப் பையை எடுப்பேன். பையில் ஓர் இரும்பு அளவுகோல், சின்னத் தராசு, படிவங்கள், இரண்டு பேனா. அளவுகோலுக்கு இரண்டு தாடைகள். நண்டின் ஓட்டை அவற்றுக்கு நடுவே பிடித்தால் அகலம் மில்லிமீட்டரில் தெரியும். ஆறேமுக்காலுக்கு வண்டியை உதைப்பேன்.

ஆலமுனைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். பாதி வழி வயல். பாதி வழி உப்புப் பூத்த தரிசு. எங்களுடையது கடைமடை. ஆற்றுத் தண்ணீர் எங்கள் ஊர் மதகைத் தொடுவதற்குள் குறுவைக் காலம் முடிந்துவிடும். தொடாத வருடங்களும் உண்டு. அந்த வயல்களில் நடவு நட்ட பெண்கள்தாம் இப்போது ஆலமுனை நண்டுக் கொட்டகையில் சதை எடுக்கிறார்கள். என் மனைவி சுடர்விழியும் எடுத்தாள். எட்டு மாதத்துக்கு முன் அங்கேயே மின்சாரம் தாக்கி இறந்தாள். நான் இன்னும் அதே கொட்டகைக்குப் போகிறேன். வேறு எங்கே போவது என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் போய்ச் சேரும்போது முதல் கொதி இறங்கியிருக்கும். நீராவிப் பெட்டியைத் திறந்தால் கூரைத் தகரம் வரை புகை. அவித்த நண்டை எவர்சில்வர் மேசையில் கொட்டுவார்கள். சூடு ஆறும்வரை காத்திருக்க நேரமில்லை. ஓட்டைப் பெயர்த்து, செவுளை வழித்து, உடலை இரண்டாக முறித்து, அறை அறையாக இருக்கும் சதையைச் சிறு கத்தியால் நார் உடையாமல் நெம்ப வேண்டும். ஓட்டுச் சில்லு ஒன்று சதையில் அகப்பட்டால் அந்தக் கிண்ணம் முழுவதும் கழிவு. முப்பத்தெட்டுப் பெண்கள், நின்றபடியே, மாலை நான்கு வரை. குளோரின் தண்ணீரில் ஊறி ஊறி அவர்களுடைய விரல்நுனித் தோல் வெளுத்து உரிந்திருக்கும். ரேகை அழிந்ததால் ரேஷன் கடை மெஷின் அவர்களில் பாதிப் பேரை அடையாளம் கண்டுகொள்வதில்லை.

கூலி, எடுத்த சதையின் எடைக்கு. நண்டு சிறுத்துக்கொண்டே வந்தது. போன வருடம் பத்து நண்டில் எடுத்த சதைக்கு இப்போது இருபது நண்டு உடைக்க வேண்டும். யாரும் கூலியைக் குறைக்கவில்லை. அது தானாகக் குறைந்தது.

என் வேலை அளப்பது. கடல் தாண்டி இந்தச் சதையை வாங்கும் கம்பெனி ஒரு சான்று கேட்கிறது. இங்கே நண்டு பிடிப்பது அளவோடு நடக்கிறதா, இன்னும் பத்து வருடம் கழித்தும் இந்தக் கடலில் நண்டு இருக்குமா என்று. அதற்காக ஓர் ஆய்வு நிறுவனம் என்னைப் போட்டது. தினம் அறுபது நண்டு. அகலம், எடை, ஆணா பெண்ணா. பெண் என்றால் சினை உண்டா.

பெண் நண்டு சினையை வயிற்று மடலுக்கு அடியில், வெளியே சுமக்கும். கைப்பிடி அளவு. முதலில் ஆரஞ்சு நிறம், பிறகு பழுப்பு, கடைசியில் கறுப்பு. கறுப்பு என்றால் முட்டைக்குள் குஞ்சுக்குக் கண் வந்துவிட்டது. இரண்டு நாளில் பொரிந்து கடலில் கலக்கும்.

பதினான்கு மாதப் படிவங்களில் சினை நண்டு ஒன்றுகூட இல்லை. மடல் தளர்ந்து, உள்ளே மயிரிழைகளில் முட்டைத் தோல் ஒட்டியிருந்த பெண் நண்டுகள் நிறைய இருந்தன. அவற்றை ‘முட்டை பொரித்து முடித்தவை’ என்று எழுதினேன். அது நல்ல செய்தி. வலையில் படுவதற்கு முன்பே அவை இனம் பெருக்கிவிட்டன என்று அர்த்தம். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. நான் விலங்கியல் முதுகலை. முதல் வகுப்பு.

திங்கட்கிழமை கொட்டகை முதலாளி நாகநாதன் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“ஒக்காரு பரிதி. டீ சொல்லட்டா?”

“வேணாம்.”

“புதன்கிழமை சென்னையிலேருந்து அந்தம்மா வருது. சான்றுக்கான மதிப்பீடு. ஒன்பது மணிக்கு. பதினாலு மாசத்தையும் சேர்த்து ஒரே அட்டவணையா டைப் அடிச்சிட்டேன். கீழ ஒரு கையெழுத்துப் போட்டுடு.”

வாங்கிப் பார்த்தேன். எண்கள் என்னுடையவைதாம். மேலே ஒரு வரி புதிதாக இருந்தது. ‘அளந்த இடம்: படகுத்துறை, கரை சேர்ந்தவுடன்.’

“நான் கொட்டகைக்குள்ளதான அளக்குறேன்?”

“கரைக்கும் கொட்டகைக்கும் நூறடி. அந்த நூறடியில நண்டு வளந்துடுமாய்யா?” சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சுடரு விஷயமா லேபர் ஆபீசுக்கு மூணு தடவ போயிட்டு வந்திருக்கே. தெரியும். தப்புன்னு சொல்லல. மஸ்டர்ல அன்னிக்கு அது பேரு இல்ல. நான் என்ன பண்றது? வேலை ஏழு மணிக்கு. அது செத்தது ஆறு மணிக்கு.”

அது எனக்கு மனப்பாடம். ‘பணியில் இல்லாத நேரத்தில், தன் டிபன் பாக்ஸை எடுக்கக் கொட்டகைக்குள் நுழைந்த பெண், ஈரக் கையால் சுவிட்சைத் தொட்டதால்.’ கொட்டகையிலிருந்து போன கடிதத்தில் அப்படி இருந்தது. சுடர் தினமும் நாலரைக்கே கிளம்புவாள். எதற்கு என்று கேட்டால் கூடை பிரிக்கிற வேலை என்பாள். அதை நான் லேபர் ஆபீசில் சொன்னேன். மஸ்டர் என்ற வருகைப் பதிவேட்டில் அந்த நேரத்துக்குக் கட்டமே இல்லை என்றார்கள்.

“இப்ப போட்டுடலாம்,” என்றார் நாகநாதன். “அன்னிக்கு ஏழு மணிக்கு வந்ததா பேரைப் போடறேன். ஏழேகாலுக்கு நடந்ததா இருக்கட்டும். வேலைக்கு வந்த பொண்ணு, வேலையில இறந்த பொண்ணு. நீ கேட்டது அதுதான?”

“அதுதான்.”

“அப்ப நாளைக்குக் கையெழுத்தோட வா.”

தாளை மடித்துப் பையில் வைத்தேன். போகும் வழியில் பசித்தது. எட்டு மாதத்தில் அப்போதுதான் பசி என்று ஒன்று தெரிந்தது. திருத்துறைப்பூண்டி ரோட்டில் ஒரு கடையில் நின்று நான்கு இட்லி சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அலாரத்துக்கு முன்பே எழுந்துவிட்டேன். யோசிக்கத் தொடங்குவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று இருந்தது. டீ போடவில்லை. ஐந்தேகாலுக்கு ஆலமுனையில் இருந்தேன். நாகநாதனின் கார் இல்லை. ஆனால் கொட்டகையில் விளக்கு எரிந்தது. உள்ளே ஏதோ மோட்டார் ஓடும் சத்தம். பின்கதவு திறந்திருந்தது.

உள்ளே சிமெண்ட் மேடையில் ஏழெட்டுப் பெண்கள் காலை மடித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் உயிருள்ள நண்டுகள், கொடுக்குகளைக் கட்டி. ஒவ்வொருத்தி கையிலும் பல் துலக்கும் பிரஷ். ரெங்கம்மாள் ஒரு நண்டை மல்லாத்தி, மடலை இடது கட்டைவிரலால் விரித்துப் பிடித்து, உள்ளே தேய்த்தார். ஆரஞ்சு நிறம் கூழாக வழிந்தது. சபிஹா குழாயால் பீய்ச்சினாள். கூழ் தரையில் ஓடி, சாக்கடையில் விழுந்து, சுவருக்கு வெளியே வாய்க்காலுக்குப் போனது. நண்டின் கால்கள் காற்றில் நீந்தின. ரெங்கம்மாள் அதை என் மேசைக்குப் போகும் கூடையில் போட்டார்.

என்னைப் பார்த்தார்கள். கைகள் நின்றன. சபிஹா மோட்டாரை நிறுத்தினாள்.

“மணி ஏழாயிடுச்சாண்ணே?” என்றாள்.

“அஞ்சேகால்.”

“அப்ப நாங்க இங்க இல்ல. போயிட்டு ஏழு மணிக்கு வாங்க.”

யாரும் சிரிக்கவில்லை. நான் கவிழ்த்து வைத்திருந்த ஒரு கூடை மேல் உட்கார்ந்தேன்.

“எவ்வளவு நாளா?”

“நீ அளக்க வந்ததுலேருந்து தம்பி,” என்றார் ரெங்கம்மாள். ஐம்பதை நெருங்கும் வயது. சுடருடைய ஊர். சுடர் அவரை அத்தை என்று கூப்பிடுவாள். “அதுக்கு முன்னாடி அப்படியே அவிச்சிடுவோம். சினை நண்டு இருந்தா சான்று கெடைக்காதாம். அதான் வழிச்சிட்டுக் காமிக்கிறது.”

“சுடருமா?”

ரெங்கம்மாள் கையிலிருந்த பிரஷைக் கீழே வைத்தார்.

“அவளுக்குக் கை வேகம்,” என்றார்.

கூடையிலிருந்து அந்த நண்டை எடுத்தேன். மடல் தளர்ந்திருந்தது. மயிரிழைகளில் முட்டைத் தோல். ‘முட்டை பொரித்து முடித்தது.’ தினமும் முப்பது தடவை அதை எழுதியிருக்கிறேன். நிஜமாகவே பொரித்து முடித்த நண்டில் இழை சுத்தமாக இருக்கும், இப்படிப் பிய்ந்து இரத்தம் கசியாது. அது எனக்குத் தெரியும். பதினான்கு மாதமாகத் தெரியும். பார்த்தேன். எழுதவில்லை.

தரையில் கிடந்த குழாயைப் பார்த்தேன். அதன் மறுமுனையில் நீல நிறத்தில் ஒரு பம்பு. அதிலிருந்து ஒயர் சுவரில் ஏறியது.

“இந்த மோட்டார் எதுக்கு?”

“பிரஷ்ஷுக்கு நேரமாகுதுன்னு மொதலாளி கொண்டாந்தாரு,” என்றாள் சபிஹா. “பீய்ச்சினா ஒட்டுனது பாதி அதுலயே போயிடும். தண்ணிதான் நெறைய நிக்கும்.”

“அன்னிக்கு இருந்தது இதுதானா?”

“இது புதுசுண்ணே. அது எரிஞ்சிபோச்சு.”

அன்று எரிந்தது தரை கழுவும் மோட்டார் என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நாங்கதான் அவகிட்ட சத்தியம் வாங்கினோம்,” என்றார் ரெங்கம்மாள். “ஒனக்குத் தெரிஞ்சா நீ எழுதிடுவே. எழுதினா கம்பெனிக்காரன் போயிடுவான். இவன் பூட்டிட்டு வேற எடம் பாப்பான். முப்பத்தெட்டு வீடு தம்பி. வயலும் இல்ல. வேற என்ன இருக்கு இங்க? அவ எங்க பக்கம் நின்னா. அதுக்கப்புறம் நாங்க ஒன் பக்கம் வந்து நிக்கல. பயந்துட்டோம். அதுதான் நடந்தது.”

நான் பையிலிருந்து தாளை எடுத்துப் படித்துக் காட்டினேன். நாகநாதன் சொன்னதையும் சொன்னேன். பேர் வரும். ஏழு மணிக்கு வந்ததாக.

ரெங்கம்மாள் முந்தானையால் கையைத் துடைத்தார். “போட்டுக் குடுத்துடு தம்பி. பேராவது வரட்டும். அவ ஆத்தா இன்னும் கேட்டுக்கிட்டிருக்கா, எம்பொண்ணு திருடவா போனான்னு.”

“ஏழு மணிக்கா?” என்றாள் சபிஹா. குரல் மாறியிருந்தது. “என்னக்கா பேசுறீங்க? அவ ஏழு மணிக்கு வந்தான்னா, ஆறு மணிக்கு நாம வெளிய தூக்கினது யார?”

சாக்கடையில் கூழ் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

அன்று அவர்கள் மிச்சத்தையும் வழித்தார்கள். வேறு வழி இல்லை, நாகநாதன் ஆறரைக்கு வருவார். நான் ஏழு மணிக்கு அறுபது நண்டு அளந்தேன். நாகநாதனிடம் கையெழுத்து நாளைக்கு என்றேன். “நாளைக்கு அந்தம்மா முன்னாடியே போடறியா? அதுவும் நல்லதுதான்,” என்றார்.

மத்தியானம் சாப்பாட்டு நேரம் அரை மணி. பெண்கள் கொட்டகைக்குப் பின்னால் பூவரச நிழலில் உட்கார்வார்கள். நாளைக்கு என்ன செய்வது என்று பேச அன்று படகுக்காரர் ஐயாவுவையும் கூப்பிட்டிருந்தார்கள். ஐயாவுவின் பேச்சைத்தான் மற்ற பதினோரு படகுகளும் கேட்கும்.

“எங்ககிட்ட என்ன கேக்குறீங்க?” என்றார் ஐயாவு. “சினை நண்டுன்னு தெரிஞ்சுதான் கொண்டாந்து போடுறோம். வலையிலேருந்து எடுத்துத் திருப்பி விட்டா அன்னிக்கு டீசலுக்குக் காணாது. நீங்க சுரண்டுறீங்க, நாங்க அள்ளிட்டு வர்றோம். ரெண்டு பேர் கையிலயும் அதே சினைதான் ஒட்டியிருக்கு.”

“கடல்ல எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“என்ன இருக்கு? மூணு கூடை வந்த எடத்துல ஒரு கூடை. அதுவும் உள்ளங்கை அகலம் இல்ல. விதைநெல்லக் குத்தித் தின்னுட்டு அடுத்த வருசம் நாத்து எங்கன்னு கேக்குறோம்.”

ஆனந்தவல்லி சோற்றைப் பிசைந்தபடி சொன்னாள்: “எல்லாம் சரி. எம்பொண்ணு நர்சிங் ரெண்டாவது வருசம் படிக்குது. நாளைக்கு அந்தம்மாகிட்ட சொல்லிட்டீங்கன்னா நாளன்னிக்குக் கதவு தொறக்காது. இவருக்குச் சம்சாரம் போச்சு, வயித்தெரிச்சல். நான் இல்லேங்கல. அதுக்கு நான் என் புள்ளைய வீட்டுல ஒக்கார வைக்கணுமா?”

அவள் சொன்னதில் தப்பில்லை. நான் அப்படித்தான் சொன்னேன்.

“நண்டு தீர்ந்தாலும் கதவ சாத்துவான், வல்லி,” என்றார் ரெங்கம்மாள். “அப்ப ஒன் மகளப் பத்திக் கேக்க மாட்டான். இப்பன்னா நம்மகிட்ட ஒண்ணு இருக்கு. அவனுக்கு நாளைக்குக் காலையில நம்ம கை வேணும். அந்த ரெண்டு மணி நேரம் இல்லாம அவனால ஒரு கூடை காமிக்க முடியாது. நாம நடவுக்குப் போனப்ப என்ன வழக்கம்? சொல்லு.”

பக்கத்தில் இருந்த இன்னொருத்தி சொன்னாள்: “ஒருத்தி கரையேறினா எல்லாரும் கரையேறணும்.”

அது எங்கள் பக்கத்து நடவு ஆட்களின் வழக்கம். பாம்பு கடித்தாலும் சரி, கங்காணி வாய் தவறிப் பேசினாலும் சரி, ஒரு பெண் நாற்றுமுடியைப் போட்டுவிட்டு வரப்பில் ஏறினால், ஏன் என்று கேட்காமல் மொத்த வரிசையும் ஏறிவிடும். காரணத்தை வரப்பில் நின்று கேட்டுக்கொள்வார்கள்.

“நான் சேத்துல எறங்குனதே இல்லக்கா,” என்றாள் சபிஹா. “எனக்கு எந்தக் கரை?”

“காலையில நிக்கிறியே அந்தத் தண்ணி, அதான்டி வயலு.”

“அப்ப சுடரு ஏறினப்ப?”

அதைக் கேட்டிருக்க வேண்டாம் என்று சபிஹாவுக்கே தோன்றியிருக்கும். ரெங்கம்மாள் டிபன் பாக்ஸை மூடினார். கொஞ்ச நேரம் மூடியையே அழுத்திக்கொண்டிருந்தார்.

“அப்ப நாம ஏறல,” என்றார். “எட்டு மாசமா தண்ணியிலயே நிக்கிறோம்.”

மணி அடித்தது. எழுந்தார்கள். யாரும் கை தூக்கி முடிவு சொல்லவில்லை. ஐயாவு மட்டும் என்னிடம் வந்து, நாளைக்கு எத்தனை ஈரச் சாக்கு வேண்டும் என்று கேட்டார்.

புதன்கிழமை ஐந்து மணிக்குப் போனேன். முப்பத்தெட்டுப் பேரும் இருந்தார்கள். கொட்டகைக்கு வெளியே, மணலில், உட்கார்ந்து. பிரஷ் வாளி கதவுக்கு முன்னால் அப்படியே இருந்தது. ஆனந்தவல்லியும் வந்திருந்தாள். சற்றுத் தள்ளி, முழங்காலைக் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல்.

ஐந்து மணி தாண்டியதுமே நாகநாதன் வந்தார். அன்று சீக்கிரம்.

“என்ன, சினிமாவுக்கா வந்திருக்கீங்க? உள்ள போங்க. படகு வர நேரம்.”

“வேலை ஏழு மணிக்குத்தான மொதலாளி,” என்றார் ரெங்கம்மாள்.

“என்ன?”

“மஸ்டர்ல அப்படித்தான இருக்கு. அஞ்சு மணிக்கு உள்ள இருந்தா நாங்க டிபன் பாக்ஸ் எடுக்க வந்தவங்க.”

அவர் முகம் என் பக்கம் திரும்பியது. “நீ மூட்டிவிட்டியா?”

“இல்லை.” அது உண்மை. மூட்டிவிடும் தெம்பு எனக்கு இல்லை.

“இந்தா பாருங்கம்மா,” குரலை இறக்கினார். “நான் உங்க எதிரி இல்ல. இந்தச் சான்று இல்லேன்னா கம்பெனி தெக்க போயிடும். நான் ஐஸ் பெட்டிய வித்துட்டு வேற தொழில் பாத்துக்குவேன். நீங்க? உப்பு வயல்ல போயி நாத்து நடுவீங்களா?”

“நட்ட கைதான்,” என்றார் ரெங்கம்மாள்.

“ஏய், வாய் நீளுது. வேற ஊர்லேருந்து ரெண்டு வேன் ஆளு எறக்கவா?”

“எறக்குங்க,” என்றாள் சபிஹா. “அவங்களுக்கும் சுவிட்சுப் பொட்டிய எங்க தொடக்கூடாதுன்னு மொதல்ல காட்டிக் குடுங்க.”

படகுகள் வந்தன. பன்னிரண்டும். ஆண்கள் வலையோடு நண்டைக் கரையில் இறக்கினார்கள். கொட்டகைக் கூடைகளைத் தொடவில்லை. ஐயாவு மணலில் சாக்கை விரித்துக் கடல்நீர் தெளித்தார். பெண்கள் எழுந்து போய் வலையிலிருந்து நண்டைப் பிரித்தார்கள். கொடுக்கு உடையாமல், கால் உடையாமல். சினை உள்ளவற்றைத் தனிச் சாக்கில் வைத்தார்கள். நாகநாதன் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே இருந்தார்.

ஒன்பது மணிக்குக் கார் வந்தது. மதிப்பீட்டாளர் பெயர் வானதி. நாற்பது வயது இருக்கும். நாகநாதன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். அறையில் இளநீர் இருக்கிறது என்றார். நான் போய் நின்றேன்.

“மேடம், நான் இளம்பரிதி. இங்க அளக்குறது நான்தான். இன்னிக்குக் கரையில அளக்கலாம்.”

“தினமும் கரையிலதானே அளக்கறீங்க?”

“இல்ல. இதுதான் முதல் தடவை.”

அவர் என்னைப் பார்த்தார். நாகநாதனைப் பார்த்தார். காரிலிருந்து ரப்பர் பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மணலில் மண்டியிட்டு அளந்தேன். அவர் பக்கத்தில் நின்றார். சபிஹா ஒவ்வொரு நண்டாக எடுத்துக் கொடுத்தாள். நான் எண்ணைச் சொல்ல, மற்றதை அவளே உரக்கச் சொன்னாள். “பொண்ணு. சினை. ஆரஞ்சு.” “ஆணு.” “பொண்ணு. சினை. கறுப்பு.” அறுபது முடிந்தபோது பெண் நண்டு நாற்பத்தொன்று. அதில் சினை உள்ளவை இருபத்துமூன்று. ஐயாவு கறுப்புச் சினை நண்டுகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்கு நடந்து போனார்.

பையிலிருந்து நாகநாதனின் தாளை எடுத்தேன். “இந்த அட்டவணை தப்பு மேடம். எண்கள் நான் எழுதினதுதான். ‘முட்டை பொரித்து முடித்தவை’ன்னு இருக்கிற அத்தனையும் சுரண்டப்பட்டவை. பதினாலு மாசம். எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். வந்தது. எழுதல.”

“இதை எழுத்துல தருவீங்களா? உங்களுக்கு வேலை போகும்.”

“தர்றேன்.”

“அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கங்க மேடம்,” என்றார் நாகநாதன். “இவன் சம்சாரம் போனதுலேருந்து இவனுக்குப் புத்தி சரியில்ல. எம்மேல பழி தீர்க்குறான். அந்தப் பொண்ணு என் ஆளே இல்ல. அப்படியும் பாவம்னு பேரைச் சேத்துக்கறேன்னு சொன்னேன். இனிமே அதுவும் கெடையாது. கேட்டுக்கடா. உம்பொண்டாட்டி பேரு எந்தப் புஸ்தகத்துலயும் வராது.”

வராது என்று எனக்கும் தெரிந்தது. வேண்டும் என்றுதான் இருந்தது. அந்த நிமிஷம்கூட.

வானதி மெதுவாகச் சொன்னார்: “தொழிலாளர் விபத்து என் ஆய்வுக்குள்ள வராது. மன்னிச்சுக்கங்க. சான்றையும் இப்போதைக்கு நிறுத்தி வைக்கச் சொல்வேன். அதுக்கப்புறம் வாங்குறவங்க இங்கேயே இருந்து சரிபண்ணச் சொல்லலாம். விட்டுட்டும் போகலாம். என்னால உறுதி சொல்ல முடியாது.” நோட்டைத் திருப்பினார். “ஆனா சினை எந்த நேரத்துல, எந்த இடத்துல, எதை வச்சு, யாரால எடுக்கப்பட்டது... அதை நான் எழுதியே ஆகணும்.”

நாகநாதன் கொட்டகையைப் பூட்டினார். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். “எவளும் நாளைக்கு வர வேணாம்,” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். கார் போன பிறகும் புழுதி அடங்க நேரமானது. யாரும் எழுந்திருக்கவில்லை.

முதலில் வந்தவள் ஆனந்தவல்லி. சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு வானதி முன்னால் வந்து நின்றாள்.

“எழுதிக்கங்க. ஆனந்தவல்லி. தெனம் அஞ்சு மணிலேருந்து ஏழு மணி வரைக்கும் உள்ள இருப்பேன். சினை சுரண்டுவேன். அந்த ரெண்டு மணி நேரத்துக்கு மஸ்டர் கெடையாது. மோட்டார் வச்சுப் பீய்ச்சுவோம். சுடர்விழி செத்த அன்னிக்கும் நான் உள்ள இருந்தேன்.”

“நான் சபிஹா. அன்னிக்கு உள்ள இருந்தேன்.”

“நான் இருந்தேன்.” “நானும்.” அன்று உள்ளே இருந்தவர்கள் ஏழு பேர்தாம். ஏழு பேரும் சொன்னார்கள். மற்ற முப்பத்தொரு பேரும் எழுந்து அவர்களுக்குப் பின்னால் நின்றார்கள். வானதி எழுதிக்கொண்டே இருந்தார். படகுக்காரர்கள் வலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

ரெங்கம்மாள் கடைசியாகப் பேசினார்.

“ஆறு மணி இருக்கும். நாங்க ஏழு பேரும் மேடை மேல. கீழ கணுக்கால் தண்ணி. மோட்டார் ஒயரு பிஞ்சு விழுந்தத நாங்க பாக்கல. நான் எறங்குறதுக்குக் கால நீட்டிட்டேன். சுடரு வாசப்பக்கம் இருந்தா, காஞ்ச தரையில. அப்படியே வெளிய ஓடியிருந்தா இன்னிக்கு இங்க நிப்பா. அவ சுவத்தோரமா சுவிட்சுக்குப் போனா. அந்த இரும்புப் பொட்டியிலயும் கரண்டு ஏறியிருக்குன்னு யாருக்குத் தெரியும்?”

“அவங்க எதாவது சொன்னாங்களா?” வானதி கேட்டார்.

நான் அதை இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. ரெங்கம்மாள் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

“சொன்னா. ‘அத்தை, யாரும் கால கீழ வைக்காதீங்க. ஒயரு தண்ணியில கெடக்கு. நான் போயி நிறுத்துறேன்.’”